‘வெளியில்’ வேலை செய்யும் பெண்கள்: இணையக் குழுவொன்றின் வழியே நடந்த ஆய்வு பற்றிய ஒரு நிகழ்வுப் பதிவு

பின்னணி

இங்கு பதிவாகும் நிகழ்வு, பல்கலைக்கழகமொன்றில் சமூகவியலைச் சிறப்புப் பாடமாகக் கற்ற மாணவி ஒருவரின் இறுதியாண்டு ஆய்வைப் பற்றியது. அவர் திருகோணமலை மாவட்டத்தைச் சேர்ந்தவர். நான் அவருடைய மேற்பார்வையாளர். வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்று, பின்னர் கஃபீலின் (விசாவுக்குப் பொறுப்பேற்று வேலைக்கு எடுத்தவரின்) வீட்டைவிட்டு வெளியேறி, வாடகை அறைகளில் தங்கி நாட்கூலிக்கு உழைக்கும் பெண்களே ஆய்வுக்கு உட்பட்டோர். தம்மை ‘வெளியில் வேலை செய்கிறவர்கள்’ என்று அவர்கள் சொல்லிக்கொள்வார்கள். சவூதி அரேபியாவில் கஃபீல் முறைப்பாடு செய்துவிட்டால் அவர்கள் ‘ஹுரூப்’, அதாவது தப்பியோடியவர் என்று பதிவாவார்கள். ஊரில் அவர்களுக்கு வழங்கும் பெயர்களை இங்கே எழுத வேண்டியதில்லை. ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் இப்பதிவிலும் மாற்றப்பட்டோ விடப்பட்டோ உள்ளன.

மூதூர், கிண்ணியா, தோப்பூர், குச்சவெளி ஆகிய பகுதிகளில் வெளிநாடு போய் வந்த பெண் இல்லாத ஒழுங்கையைக் காண்பது அரிது. மூதூரைச் சேர்ந்த இளம் பணிப்பெண் ஒருவருக்கு 2013 ஜனவரி 9ஆம் திகதி சவூதியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அதன் பின்னர் இங்கே வெளிநாட்டு வேலை பற்றிய பேச்சில் பரிதாபமும் பழியும் ஒன்றாகவே கலந்து வருவதை நான் கண்டிருக்கிறேன். அதே ஆண்டில் குடும்பப் பின்னணி அறிக்கை நடைமுறைக்கு வந்தது. 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்மார் வீட்டுப் பணிக்குச் செல்ல முடியாது என்றும், ஏனைய தாய்மார் தம் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார் என்பதைப் பிரதேச செயலக மட்டத்தில் உறுதிப்படுத்த வேண்டும் என்றும் அது விதித்தது. பிற்காலத்தில் தளர்த்தப்பட்டாலும், அந்த விதி ஒரு பகுதிப் பெண்களைச் சுற்றுலா விசாவுக்கும் சப் ஏஜன்ட்டுக்கும் தள்ளிவிட்டது. அவ்வாறு சென்றவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பதிவேட்டில் இல்லை. முறைப்படி சென்று பின் வெளியேறியவரோ, பதிவேட்டின்படி இன்றும் அந்தப் பழைய வீட்டில்தான் வேலை செய்கிறார். பதிவேடுகளில் அகப்படாதோரைக் குறிக்கும் ‘மறைந்த குடித்தொகை’ என்ற பாடநூற் சொல்லைக் கேட்டதும் மறைந்துகொள்ளும் மனிதரே நினைவுக்கு வருகின்றனர். இப்பெண்களை மறைத்ததில் அந்தச் சட்ட விதிக்கும் பங்கு இருந்தது.

ஊரில் தொடங்கிய களப்பணி

மாணவி முதலில் இணையத்தை நாடவில்லை. திரும்பி வந்த ஒருவரைச் சந்தித்து, அவர் மூலம் அடுத்தவரை அறியும் பனிப்பந்து முறையிலேயே தொடங்கினார். முதல் வீட்டில் மாமியார் தேநீருடன் வந்து பக்கத்திலேயே அமர்ந்துகொண்டார். நேர்காணல் முழுவதும் “நல்ல வீடு, நல்ல மேடம், ஒரு குறையுமில்ல” என்ற பதிலுக்கு அப்பால் நகரவில்லை. அடுத்தடுத்த வீடுகளிலும் நிலைமை ஏறத்தாழ அதுவே. பந்து உருளவும் இல்லை. தாம் வெளியில் வேலை செய்ததை மறைக்கும் ஒருவர், அதேபோன்ற இன்னொருவரைத் தெரியும் என்று சொன்னால் அதுவே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

டக்ளஸ் ஹெக்கதோர்ன் 1997இல் முன்வைத்த, பங்கேற்பாளரே கூப்பன் கொடுத்து அடுத்தவரை அழைத்து வரும் மாதிரியெடுப்பையும் நாம் பரிசீலித்தோம். ஒரே குறையைச் சுமப்போர் தமக்குள் ஒருவரையொருவர் அறிந்து பழகும் இடங்களில் அது நன்றாக இயங்கும். இங்கே ஒரே ஒழுங்கையில் வாழும் இருவர் ஒரே நகரத்தில் ஒரே வேலையைச் செய்துவிட்டு வந்திருந்தும், அதை ஒருவருக்கொருவர் சொல்லியிருக்கவில்லை. ஆகவே அம்முறையைக் கைவிட்டோம். எர்விங் கொஃப்மன் 1963இல் பிரித்துக் காட்டிய இரு நிலைகளில் இவர்கள் இரண்டாவதைச் சேர்ந்தவர்கள்: களங்கம் ஏற்கெனவே வெளிப்பட்டுவிட்டவர்கள் அல்லர், எந்நேரமும் வெளிப்பட்டுவிடலாம் என்ற நிலையில் தகவலை ஆளுக்கு ஆள் அளந்து கொடுத்து வாழ்பவர்கள்.

ஒருவர் மட்டும் மாவட்ட வைத்தியசாலையின் கிளினிக் நாளில் சந்திக்க இணங்கினார். வைத்தியசாலைக்குப் போகிறேன் என்றால் வீட்டில் கேள்வி எழாது. இலக்கச் சீட்டைக் கையில் வைத்தபடி வாங்கில் அருகருகே அமர்ந்து பேசினர். இலக்கம் கூப்பிடும்போதெல்லாம் பேச்சு நின்றது. எழுந்து போகும்போது அவர் சொன்னதுதான் ஆய்வின் திசையை மாற்றியது. “மகள், இங்க ஒருத்தரும் வாய் தொறக்க மாட்டாங்க. அங்க இருக்கிற புள்ளைகள் ஃபோன்ல எல்லாம் பேசுதுகள். அங்க போய்க் கேளுங்க.”

இணையக் குழுவில் நுழைந்த விதம்

அவர் குறிப்பிட்டது ஃபேஸ்புக்கில் இயங்கிய, சில ஆயிரம் தமிழ் பேசும் பெண்களைக் கொண்ட ஒரு மூடிய குழு. இரு பெண்கள் அதை நிர்வகித்தனர். ஒருவர் குவைத்தில் இருந்தார், மற்றவர் நாடு திரும்பியிருந்தார். குழுவில் பெரும்பாலானோர் ரோசாப்பூ, குழந்தை, கஃபாவின் படம் என்று எதையாவது முகப்பில் வைத்துப் புனைபெயரில் இருந்தார்கள். அதைப் பார்த்த மாணவிக்குத் தானும் அவ்வாறே ஒரு பெயரில் உள்ளே சென்று சில வாரம் வாசித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. எல்லோரும் செய்வதைத்தானே நானும் செய்கிறேன் என்று அவர் கேட்டார், கேள்வி நியாயமானதே.

நான் உடன்படவில்லை. அவர்களுடைய புனைபெயர் தம்மைக் காப்பதற்கானது. ஆய்வாளருடைய புனைபெயரோ அவர்களைப் பார்ப்பதற்கானது. லாட் ஹம்ஃப்ரீஸ் 1970இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் இன்றும் எச்சரிக்கையாகக் கற்பிக்கப்படுகிறது. பொதுக் கழிப்பறைகளில் பாலுறவுக்காக இரகசியமாகச் சந்தித்துக்கொண்ட ஆண்களின் வாகன இலக்கத் தகடுகளைக் குறித்துவைத்து, அவற்றைக்கொண்டு முகவரிகளைப் பெற்று, சுமார் ஓராண்டின் பின் சுகாதார ஆய்வு என்ற பெயரில் அவர் அவர்களது வீடுகளுக்கே சென்றார். அவருடைய முடிவுகள் அந்த ஆண்களைப் பற்றிய தப்பெண்ணங்களைக் குறைக்க உதவின என்பது உண்மை. ஆனால் அந்தப் பட்டியல் வேறொருவர் கையில் சிக்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற கேள்விக்கு, சிக்கவில்லை என்பது பதிலாகாது.

இணைய ஆய்வாளர் சங்கம் 2002, 2012, 2019 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட நெறிமுறைகள், எல்லாக் களத்துக்கும் பொருந்தும் ஒரே விதியைத் தராமல், பேசுகிறவர் தம் பேச்சு எங்கே நிற்கும் என எதிர்பார்க்கிறார் என்று ஆராயச் சொல்கின்றன. அதன்படி குழு எவ்வளவு பெரியது, யார் சேரலாம் என்பவற்றைவிட, அங்கே எழுதும் பெண் யாரிடம் பேசுவதாக எண்ணுகிறார் என்பதையே அளவுகோலாகக் கொண்டோம். மாணவி சொந்தப் பெயரில் இரு நிர்வாகிகளுக்கும் எழுதி, அவர்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் குரற்பதிவில் பதில் சொல்லி, அனுமதி பெற்ற பின்னரே உள்ளே சென்றார். தான் யார், எதற்கு வந்திருக்கிறார் என்பதை எழுத்திலும் குரலிலும் குழுவில் அறிவித்தார். ‘வேண்டாம் என்பவர் சொல்லுங்கள்’ என்ற முறையை நாம் ஏற்கவில்லை. ‘சம்மதம்’ என்று தாமாகச் சொன்னவரின் பேச்சு மட்டுமே தரவாகும் என்று முடிவு செய்தோம். ஆயிரக்கணக்கானோரில் இருபதுக்கும் குறைவானவர்களே சம்மதித்தனர். எஞ்சியோர் எழுதிய எதுவும் குறிப்பேட்டில்கூட ஏறவில்லை.

கண்டவை

வீட்டில் மாமியார் முன்னிலையில் கிடைத்த ‘நல்ல மேடம்’ இங்கே வேறு முகம் காட்டினார். சம்பள நிலுவை, பறிக்கப்பட்ட கடவுச்சீட்டு, வெளியேறுவதற்கு முந்தைய இரவின் கணக்குகள் ஆகியன வந்தன. அவற்றைவிட மாணவி எதிர்பாராதது, குடும்பத்துக்கென ஒன்றும் தோழியருக்கென ஒன்றுமாக அவர்கள் இரண்டு வாழ்க்கைகளை நடத்திய ஒழுங்கு. இமோ என்ற காணொளி அழைப்புச் செயலியில் வீட்டாருடன் பேசும்போது பின்னால் எந்தச் சுவர் தெரிய வேண்டும் என்பது முன்பே தீர்மானிக்கப்பட்டிருந்தது. அறைத் தோழி அழைப்பு முடியும்வரை குளியலறையில் நின்றுகொள்வார். பழைய மேடத்தின் பிள்ளைகளைப் பற்றிய கதைகள் அவர்கள் இன்னும் அங்கேயே வேலை செய்வதுபோலப் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருந்தன. குவைத் 2024இல் பொதுமன்னிப்பு அறிவித்த காலத்தில் குழுவின் பேச்சு முற்றாக மாறியதையும் பங்கேற்பாளர்கள் நினைவுகூர்ந்தார்கள்: கைரேகை, அவுட்பாஸ் (கடவுச்சீட்டு இல்லாதவர் நாடு திரும்புவதற்கான தற்காலிகப் பயண ஆவணம்), மீண்டும் வர முடியுமா என்ற மூன்றே கேள்விகள்.

இணையம் காட்டாதவையும் இருந்தன. கைத்தொலைபேசி பறிக்கப்பட்டு வீட்டுக்குள் அடைபட்டிருப்பவர் குழுவில் இல்லை. தடுப்பு நிலையத்தில் இருப்பவரும், எழுத வாசிக்கச் சிரமப்படும் மூத்த பெண்களும் இல்லை. ஓரளவு நிலைபெற்றுவிட்டவரே அதிகம் பேசினார். ஆகவே இத்தகைய மூலத்தைக் கொண்டு எத்தனை பேர், எவ்வளவு வீதம் என்று பேசவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அனுபவம் எத்தனை வகைப்பட்டது என்பதை அது காட்டும். ஒவ்வொரு வகையிலும் எவ்வளவு பேர் என்பதைக் காட்டாது. பெண்பெயரில் நுழைந்த ஏஜன்ட்டுகளும் இருந்தமையால், சம்மதித்த ஒவ்வொருவருடனும் மாணவி குரல் அழைப்பில் பேசினார். பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளிலேயே அவர்களுக்கு நேரம் கிடைத்தது.

இடையில் வந்த ஓர் உதவிக் கோரிக்கை

ஒரு நள்ளிரவு, சவூதியிலிருந்த பெண் ஒருவர் குழுவில் எழுதினார்: சம்பளம் மாதக்கணக்கில் இல்லை, கடவுச்சீட்டு மேடத்திடம், இன்றிரவே வெளியேறப் போகிறேன். சில நிமிடங்களுக்குள் அறிவுரைகள் குவிந்தன. ‘தூதரகத்துக்குப் போங்க தங்கச்சி’ என்றார் ஒருவர். ‘விடியும்வரை பொறுங்க’ என்றார் இன்னொருவர். வெளியில் வேலை எடுத்துத் தருவதாக ஒரு தொலைபேசி இலக்கமும் வந்து விழுந்தது.

இப்படி ஒன்று நேரலாம் என எதிர்பார்த்து, செய்யக்கூடியதையும் கூடாததையும் முன்பே எழுதிவைத்திருந்தோம். வெளியேறு என்றோ இரு என்றோ மாணவி சொல்லக்கூடாது. வெளியேறினால் சட்டநிலை போகும், இருந்தால் என்ன போகும் என்பதை இங்கிருந்து அறிய முடியாது. பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பதும் கூடாது. மாணவி நிர்வாகியை எழுப்பினார். தூதரகத்தின் பாதுகாப்பு இல்லம் பற்றிய தகவலையும், ஊரிலுள்ள உறவினர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தை அழைத்து முறையிடலாம் என்பதையும் தனிச்செய்தியாக அனுப்பினார். வேலை எடுத்துத் தருவதாக வந்த தொலைபேசி இலக்கத்தை நிர்வாகி குழுவிலிருந்து நீக்கினார். அப்பெண் தூதரகத்தை அடைந்துவிட்டதாகப் பின்னர் நிர்வாகி சொன்னார். அதற்கு மேல் நாம் கேட்கவில்லை. ஆய்வேட்டில் இந்நிகழ்வு இடம்பெறவில்லை. ஆபத்தின் நடுவே இருப்பவரிடம் சம்மதம் கேட்பது சம்மதத்தையே கேலிசெய்வதாகும்.

அடையாளம் காணப்படுமா என்ற சோதனை

ஆய்வேட்டின் முதல் வரைவில் வழக்கமான முறையில் பெயர்கள் மாற்றப்பட்டு, மேற்கோள்கள் உள்ளபடியே இருந்தன. அதைத் துறைக் கருத்தரங்கில் வைப்பதற்கு முன் இரண்டு சோதனைகளைச் செய்வதாகத் திட்டத்திலேயே குறித்திருந்தோம்.

முதலாவது தேடற்சோதனை. மூடிய குழுவின் பதிவைக் கூகுள் காட்டாது. ஆனால் உறுப்பினர் எவரும் குழுவின் தேடற்பெட்டியில் ஒரு வரியை இட்டு அதை எழுதியவரை அடையலாம். அதே பெண்கள் டிக்டொக் காணொளிகளின் கீழும் ஏறத்தாழ அதே சொற்களில் எழுதியிருந்தார்கள். கிழக்கிலங்கைப் பேச்சுத் தமிழில் இணையத்தில் கிடைக்கும் எழுத்து மிகக் குறைவு என்பதால், நான்கைந்து சொற்கொண்ட ஒரு துண்டே ஒரேயொரு முடிவைத் தந்தது. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறவர்களிடம் இது இன்னும் கூர்மையாக இருந்தது: ழகரத்துக்கு எந்த எழுத்து, நெடிலை இரட்டிப்பதா இல்லையா என்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு பழக்கம் உண்டு, அதை மாற்றாமல் அச்சிடுவது கையெழுத்தை அச்சிடுவதற்குச் சமம்.

இரண்டாவது, ஊரறிந்த ஒருவரின் வாசிப்பு. இதற்கு யாரைத் தேர்வது என்பதே சிக்கலாக இருந்தது, சோதனையே கசிவாகிவிடலாம். குடும்பங்களின் இரகசியங்களைத் தொழில்முறையில் காத்துப் பழகிய, ஓய்வுபெற்ற மருத்துவமாது ஒருவரைக் கேட்டோம். எந்தப் பிரதியும் அவரிடம் விடப்படவில்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திவிட்டு, தாளைக் கண்ணருகே பிடித்து அவர் மெதுவாக வாசித்தார். மூன்றாம் பக்கத்தில் ஒரு பந்தியின் மேல் விரலை வைத்து, நிமிராமலே சொன்னார்: “மகள், இது யாருட புள்ளையெண்டு எனக்குத் தெரியும். பேரக் கேக்காதீங்க. இத எடுத்திடுங்க.”

அந்தப் பந்தியில் பெயர் இல்லை, ஊர் இல்லை. நான்கு சாதாரணத் தகவல்கள் இருந்தன. தனித்தனியே எடுத்தால் ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கானோருக்குப் பொருந்தும், நான்கும் சேர்ந்தால் ஒருவருக்குத்தான் பொருந்தும். பெருந்தரவிலும் இதுவே நடந்திருக்கிறது. பெயர் நீக்கிய ஒரு கல்லூரி வகுப்பின் ஃபேஸ்புக் தரவைச் சமூகவியலாளர்கள் 2008இல் வெளியிட்டபோது, அது ஹாவர்ட் என்பது விரைவிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே வல்லுநர் ஒருவர் முயன்று கண்டதை, எங்கள் ஊர்களில் திருமண வீட்டில் பந்தி முடிவதற்குள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எடுத்த முடிவும் அதற்கு எழுந்த ஆட்சேபமும்

நேரடி மேற்கோள்கள் அனைத்தையும் நீக்கி, பலருடைய அனுபவங்களை இணைத்த கூட்டுச் சித்திரங்களாக எழுதுவதென்று முடிவாயிற்று. அனெட் மார்க்கம் 2012இல் இத்தகைய ஆக்கத்தை அறம்சார்ந்த முறையாக வாதிட்டிருந்தார். கட்டுப்பாடுகளையும் வகுத்தோம். ஒரே நாட்டில், ஒரே வகையான சட்டநிலையில் இருந்தவர்களை மட்டுமே இணைக்கலாம். கடன், வெளியேறிய காரணம், தங்கிய காலத்தின் அளவு போன்று முடிவுகளைத் தாங்கும் தகவல்களைத் தொடக்கூடாது. பிள்ளைகளின் எண்ணிக்கை, ஊர், குடும்ப நிகழ்வு போன்றவற்றை மாற்றலாம். இவ்வாறு செய்யப்பட்டது என்பதை முறையியல் அத்தியாயத்தில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

தேர்வாளர் இதை ஏற்கவில்லை. பண்புசார் ஆய்வில் பங்கேற்பாளரின் குரலே சான்று. அது இல்லையெனில் ஆய்வாளர் கண்டதையும் கற்பித்ததையும் எப்படிப் பிரிப்பது என்று அவர் கேட்டார். இது எளிதில் ஒதுக்கக்கூடிய ஆட்சேபம் அன்று. மேற்கோளை நீக்கினால் அந்தப் பெண்ணின் சொல்வன்மையும் நகைச்சுவையும் போய்விடுகின்றன. எஞ்சுவது ஆய்வாளரின் சீரான உரைநடை. களங்கம் சுமக்கும் மனிதரை வாயடைக்கச் செய்து காப்பாற்றுவதில் ஒரு கொடுமை இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், சரிபார்க்கும் உரிமை தேர்வாளருக்கு உண்டு, நூலகத்துக்கு வரும் எல்லோருக்கும் இல்லை. இறுதியில் அவர் என் அறையில் அமர்ந்து, மூலக் குறிப்புகளைக் கூட்டுச் சித்திரங்களுடன் ஒப்பிட்டு வாசித்தார், பிரதி எடுக்கவில்லை. இரு சித்திரங்களில் இணைப்பு அளவுக்கு மீறியிருப்பதாகச் சுட்டினார். அவை பிரித்து எழுதப்பட்டன.

பின் விளைவுகள்

ஆய்வின் சுருக்கத்தை மாணவி பேச்சுத் தமிழில் குரற்பதிவாக்கிப் பங்கேற்பாளருக்கு அனுப்பினார். அவர்களிடமிருந்து ஒரேயொரு வேண்டுகோள் திரும்பத் திரும்ப வந்தது: உண்டியல் மூலம் பணம் அனுப்புவதைப் பற்றிய பகுதியை எடுத்துவிடுங்கள். வெளியில் வேலை செய்பவர் செல்லுபடியான இக்காமா (வதிவிட அனுமதி) இல்லாமல் வங்கி வழியே அனுப்புவது கடினம். வங்கிக்கு வெளியே ஆள்வழியே பணம் அனுப்பும் உண்டியலோ சட்டத்துக்குப் புறம்பானது, 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் அதன் மீதான கவனமும் கூடியிருந்தது. ஆய்வேட்டின் மிக வலுவான பகுதி அதுதான். மாணவி கலங்கினார், ஒரு வாரம் பொறுத்து அதை முழுதாக நீக்கினார். ஆய்வேட்டுக்குக் கிடைத்த புள்ளியில் அந்த இழப்பு தெரிந்தது என்றே நினைக்கிறேன்.

நேர்முகத் தேர்வு முடிந்ததும், புனைக்குறியீட்டையும் ஆளையும் இணைக்கும் பட்டியல் அழிக்கப்பட்டது. சில மாதங்களின் பின் ஓர் அமைப்பு, உதவித் திட்டமொன்றுக்காக அப்பெண்களின் தொடர்புகளைக் கேட்டது. நோக்கம் நல்லதாகவே இருந்திருக்கலாம். கொடுப்பதற்கு எம்மிடம் எதுவும் இல்லை என்று உண்மையாகவே பதிலளிக்க முடிந்தது. நிர்வாகிகளுக்கு அவ்வமைப்பின் விவரத்தை அனுப்பினோம், முடிவு அவர்களுடையது.

அடுத்த ஆய்வில் மாற்றப்படுபவை

தற்போது இதே துறையில் தொடங்கும் ஆய்வொன்றுக்குச் சில மாற்றங்களை ஏற்றுள்ளோம். அடையாளச் சோதனை எழுத்து முடிந்த பின் நடைபெறாமல், முதல் நேர்காணல்களிலிருந்தே நடைபெறும். எந்தத் தகவல் ஆளைக் காட்டும் என்று முன்பே தெரிந்தால் அதைக் கேட்காமலே விடலாம். சம்மதம் தொடக்கத்தில் ஒருமுறையும், எழுதியதைக் கேட்ட பின் இன்னொருமுறையும் பெறப்படும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் சொற்களில் தரவு எதற்கு, எவ்வளவு காலத்துக்கு என்பது சம்மதப் பதிவிலேயே கூறப்படும். கைத்தொலைபேசி இல்லாமற் போனவர்களின் அனுபவத்துக்கு, நாடு திரும்பியவர்களையே மீண்டும் நாட வேண்டும். கிளினிக் நாளில் வைத்தியசாலை வாங்கில் நடந்த அந்த ஒரு சந்திப்பைப் போன்ற, வீட்டில் விளக்கம் சொல்லத் தேவையில்லாத இடங்களை முதலில் பட்டியலிடும் வேலை இப்போது நடக்கிறது. நள்ளிரவுச் செய்திகளை மாணவி தனியே எதிர்கொள்ளாதிருக்க, குழுவை வாசிக்கும் நேரம் மாலை 6 மணிமுதல் 9 மணிவரை என வரையறுக்கப்பட்டுள்ளது. அதற்கப்பால் வரும் அவசரங்கள் நேரே நிர்வாகிகளுக்குச் செல்லும் என்று குழுவில் முன்கூட்டியே அறிவிக்கப்படும்.